‘24 மணி நேரமும் உடனிருப்பார்’ என்ற வாக்கை நம்பிக் கையெழுத்திட்டோம்

பக்கவாதத்தால் தாமாகப் புரண்டு படுக்கவும் இயலாத என் தந்தையைக் கவனித்துக்கொள்ள, வீட்டிலேயே தங்கிப் பணிபுரியும் உதவியாளர் ஒருவரை ஒரு நிறுவனத்தின் வழியாக அமர்த்தினோம். “24 மணி நேரமும் உடனிருப்பார், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்” என்று தொலைபேசியில் உறுதியளித்தவர்கள், மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகப் பெற்றுக்கொண்டார்கள். அந்த ‘எல்லாம்’ எதுவரை என்று நாங்கள் கேட்கவில்லை.

வந்தவர்மீது எனக்குக் குறையில்லை. உடம்பு துடைத்துவிடுவது, உடை மாற்றுவது, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, மாத்திரை வேளைகளை நினைவூட்டுவது, சிறுநீர்க் குழாயோடு இணைத்த பையைக் காலி செய்வது என அனைத்தையும் பொறுமையாகச் செய்தார். அப்பாவின் குழறலான பேச்சு எங்களைவிட அவருக்கே விரைவில் புரிந்தது. இன்சுலின் ஊசி போடவும் சிறுநீர்க் குழாயை மாற்றவும் தமக்குப் பயிற்சியில்லை என்று முதல் நாளே மறுத்துவிட்டார். அது நேர்மை. அதற்குச் செவிலியர் தனியாக வர வேண்டும் என்பதை நிறுவனம்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையான கேடு இரவில் நேர்ந்தது. அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்குமாறு மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகல் முழுவதும் உழைத்த ஒருவர் இரவில் உறங்காமல் அதைச் செய்ய இயலாது என்பது, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், எங்களுக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது வாரம் அப்பாவின் வால் எலும்பின் மேல், விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தது. சில நாள்களில் தோல் உரிந்து படுக்கைப்புண் ஆயிற்று.

நிறுவனத்தை அழைத்தபோது, உதவியாளருக்கு இரவில் 8 மணி நேர ஓய்வு உண்டு என்ற ஒப்பந்த வரியைப் படித்துக் காட்டினார்கள். அந்த ஓய்வு நியாயமானது. நோயாளியின் நிலையை முழுமையாகக் கேட்டறிந்த பிறகும், இரவுக்கு விழித்திருக்கும் இன்னொருவர் தேவை என்பதை மறைத்து ஒருவரை மட்டும் அனுப்பியதுதான் ஏமாற்று. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் உதவியாளர் செய்பவை, செய்யாதவை, இரவில் எழ வேண்டிய தடவைகள், அவர் விடுப்பெடுத்தால் வரும் மாற்று ஆள் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது இரவுக்குத் தனியாக ஒருவர் வருகிறார். புண் ஆற நான்கு மாதங்களாயின; முன்பணத்தின் மீதி இன்னும் திரும்பவில்லை.