எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு: ரத்து மனுவா, அப்பீலா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆள் கடலில் இருக்கும்போது சம்மன் வரும். ஆஜராகாததால் கடன் வழக்கில் நம் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பாகிவிடும். அப்புறம் இரண்டு வழி: தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனு, அல்லது அப்பீல்.

எங்கே?
ரத்து மனு: தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13).
அப்பீல்: மேல் கோர்ட்டில் (அதே சட்டம், பிரிவு 96).

கெடு?
இரண்டுக்கும் 30 நாள்; ஹைகோர்ட் அப்பீலுக்கு 90. சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், ரத்து மனுவின் 30 நாள் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்துதான் ஓடும். கடலோரத்தாருக்கு இது பெரிய ஆறுதல்.

செலவு?
மனுவுக்குச் சொற்பம். அப்பீலுக்கு வழக்கு மதிப்பைப் பொறுத்து கோர்ட் ஃபீஸ்.

எதைக் காட்டணும்?
மனுவில், வராததற்கான காரணம். கடலுக்குப் போக மீன்வளத் துறை தந்த டோக்கன் சீட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வாய்தா தேதி முன்பே தெரிந்திருந்தால், சம்மன் கொடுத்ததில் சின்னக் குறை என்ற வாதம் நிற்காது.
அப்பீலில், தீர்ப்பே தவறு என்று. நம் சாட்சியம் பதிவாகாத வழக்கில் அது கடினம்.

சம்மனே தெரியாதவருக்கு ரத்து மனுதான். காலாவதியான புரோநோட்டுக்குத் தீர்ப்பு என்பதுபோல வழக்கு ஆவணங்களிலேயே தவறு தெரிந்தால் அப்பீல். ஆனால் அப்பீலில் தோற்றபின் ரத்து மனு போட முடியாது.