1915-க்கு அழைத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

வீட்டிலிருந்தே வாங்கிய பொருளில் தகராறு வந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் எண் 1915. ஒன்றிய அரசின் தேசிய நுகர்வோர் உதவி மையம் இது. கட்டணம் கிடையாது. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம்; தேசிய விடுமுறை தவிர மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். வாட்ஸ்அப், ஒன்றிய அரசின் உமங் செயலி, மையத்தின் சொந்த இணையதளம் ஆகியவற்றிலும் புகார் பதியலாம். உருப்படியான சேவைதான். ஆனால் இதனிடம் எதைக் கேட்கலாம் என்று தெரியாமல் அழைப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

இது நீதிமன்றம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று யாருக்கும் உத்தரவு போட இதற்கு அதிகாரம் கிடையாது. உங்கள் புகாரை வாங்கி, எண் கொடுத்து, நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் கேட்கும்; அவ்வளவுதான். பெரிய இணைய அங்காடிகள், வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எனப் பல இந்த மையத்தோடு நேரடியாக இணைந்திருக்கின்றன. அவற்றின் மீதான புகார் அங்கே இதற்கென்றே இருக்கும் ஆட்களின் மேசைக்குப் போகும். நிறுவனச் செயலியில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டிடம் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் அங்கே சட்டென்று முடிந்துவிடுவதும் உண்டு. இணையாத நிறுவனம் என்றால் ஒரு மின்னஞ்சல் போகும். அதை அவர்கள் மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்ற ஆலோசனையோடு கோப்பு மூடப்படும்.

விவரம் கேட்கத் தொலைபேசி நல்லது. புகார் பதிய இணையதளமே மேல். நீங்கள் பத்து நிமிடம் சொன்னதை எதிர்முனையில் இருப்பவர் நான்கு வரியாகச் சுருக்குவார், விடுபட்டது விடுபட்டதுதான். இணையத்தில் எழுதினால் பில், புகைப்படம், உரையாடல் நகல் எல்லாவற்றையும் நீங்களே இணைக்கலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலர் தாண்டிவிடுவது இதைத்தான். 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு இணைய அங்காடியும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் காட்ட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். அவருக்கு எழுதிய மின்னஞ்சலும் வந்த டிக்கெட் எண்ணும் (புகார் எண்) கையில் இல்லாமல் 1915-க்குப் போனால், "வாடிக்கையாளர் எங்களைத் தொடர்புகொள்ளவே இல்லை" என்ற ஒற்றை வரியில் நிறுவனம் கைகழுவிவிடும்.

புகார் வாசகத்தில் கோபம் வேண்டாம். 'மோசமான கம்பெனி, யாரும் வாங்காதீர்கள்' என்பதை வைத்து எவரும் எதுவும் செய்ய முடியாது. ஆர்டர் எண், தேதி, தொகை, பணம் கட்டிய விதம், என்ன கேட்டீர்கள், என்ன வந்தது, குறைதீர் அலுவலர் என்ன சொன்னார், இப்போது என்ன வேண்டும் என்ற வரிசை போதும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: 'நியாயம் வேண்டும்' என்று எழுதாமல், 'ரூ. 2,399 முழுவதும் அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும்' என்று எழுதுங்கள். விற்பவர் பெயரை பில்லில் இருந்து எடுங்கள். அங்காடியின் பெயர் வேறு, அதில் கடை விரித்திருப்பவர் பெயர் வேறு. புகைப்படத்தில் பொருளோடு பார்சல் மீது ஒட்டிய சீட்டும் தெரிய வேண்டும். பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் வலு. வீடியோ இல்லை என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது, வாதாடுவதுதான் கடினம்.

'திரும்பப் பெறப்படாது' என்று தளத்தில் போட்டிருக்கிறார்களே என்று பலர் பின்வாங்குகிறார்கள். பழுதான பொருள், போலி, தளத்தில் காட்டியதற்கு மாறானது, சொன்ன தேதி தாண்டி வந்தது - இவற்றைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்பது அதே விதிகளில் இருக்கிறது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனது மாறிவிட்டது என்பதற்கு நம் சட்டத்தில் பொதுவான உரிமை எதுவும் கிடையாது. அங்கே கடைக்காரர் எழுதியதுதான் விதி. இந்த வேறுபாடு தெரியாமல் போட்ட புகார்கள் 1915-ல் நிற்காது. அதற்கு மையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. 'பணம் அனுப்பிவிட்டோம்' என்று நிறுவனம் பதில் போட்டாலே புகார் தீர்ந்ததாகக் கணக்காகிவிடும் வாய்ப்பு அதிகம். கணக்கில் காசு வந்திருக்காது. அப்போது பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். கார்டு என்றால் ஏஆர்என் (ARN), யுபிஐ என்றால் 12 இலக்க ஆர்ஆர்என் (RRN); இரண்டும் அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கியே தேடிச் சொல்லிவிடும். எண் தர மறுத்தால் பணம் கிளம்பவே இல்லை என்று சந்தேகிக்கலாம். அதையே குறிப்பிட்டுப் புகாரை மறுபடி எழுப்புங்கள்.

மோசடி என்று வந்தால் 1915 வேலைக்கு ஆகாது. இன்ஸ்டாகிராம் விளம்பரம், பாதி விலை, முகவரி இல்லாத தளம், பணம் போனதும் எண் அணைந்துவிட்டது என்றால் யாருக்குப் புகாரை அனுப்புவார்கள்? அங்கே முதல் அழைப்பு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930, இணையத்தில் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். ஏமாற்றுபவர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். 1930 அந்த வங்கிகளுக்குத் தகவல் அனுப்பி, மிச்சமிருப்பதை நிறுத்திவைக்கச் சொல்லும். ஆகவே மறுநாள் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, பெற்றவரின் யுபிஐ முகவரி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். கூடவே வங்கியிலும் புகார் பதியுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வெளியார் எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு அது பொருந்தாது.

பணம் கொடுத்து வாங்கிய கேஷ் ஆன் டெலிவரி பார்சலில் கந்தல் துணி வந்தால், சீட்டில் இருக்கும் கண்காணிப்பு எண்ணோடு கூரியர் நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். வசூலான தொகை பொதுவாகச் சில நாள் கழித்தே விற்பவருக்குப் போகும், அதற்குள் நிறுத்தச் சொல்லலாம்.

கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவதை விட்டுவிடுங்கள். அங்கே மேலே வரும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும் எண்ணே சரி. 1915-லிருந்து பேசுகிறோம், திரையைப் பகிரும் செயலியை இறக்குங்கள், ஒரு ரூபாய் அனுப்புங்கள் என்றால் உடனே துண்டியுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

மையம் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1915 புகார் எண் இருந்தால்தான் அங்கே போகலாம் என்பதில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள், நுகர்வோர் வழக்குகளுக்கான ஒன்றிய அரசின் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே வீட்டிலிருந்தே மனு போடலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பொருளை ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் அதைவிட நீளும். மனுவில் விற்பவர், அங்காடி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று அங்காடி நழுவும். இருவரின் முகவரியையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். நோட்டீஸ் ஆளில்லை என்று திரும்பி வந்தால், அடுத்தது வாய்தாதான்.