காப்பிக் கறை இல்லாமல் வந்த இசைத்தட்டு

680 யூரோ போய்விட்டது. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்கிற எல்லாரும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். ‘ஒரு பழைய இசைத்தட்டுக்கா?’ என்பது அடுத்த கேள்வி. ஆமாம், பழைய இசைத்தட்டுக்குத்தான். வந்தது பழையதாக இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

நான் தேடிக்கொண்டிருந்தது சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மனின் ‘மெஷின் கன்’, முதல் பதிப்பு. கட்டுப்பாடில்லாமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் இசை. 1968 மே மாதம் ஜெர்மனியில் பிரேமன் நகரின் லீலா ஓய்லே கிளப்பில் எட்டுப் பேர் வாசித்த ஒலிப்பதிவு அது. மூன்று சாக்ஸபோன், ஒரு பியானோ, இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ். ஜெர்மானியர், டச்சுக்காரர், பெல்ஜியர், ஆங்கிலேயர், ஸ்வீடன்காரர் என்று எல்லாரும் கலந்த கூட்டம். ப்ரோட்ஸ்மன் அதைத் தன்னுடைய சொந்த இசை வெளியீட்டு முத்திரையான ‘ப்ரோ’வில் 300 பிரதிகள் மட்டும் போட்டார். எண் ப்ரோ 2. பெர்லினில் 1969இல் தொடங்கிய எஃப்எம்பி என்ற இசை வெளியீட்டு நிறுவனம் பிறகு அதைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பின் குறுந்தகடு, மறுபடியும் இசைத்தட்டு என்று எத்தனையோ மறுபதிப்புகள். இசை மட்டும் போதும் என்பவர்கள் ஒரு மறுபதிப்பை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

நான் வசிப்பது வூப்பர்டாலில். ப்ரோட்ஸ்மன் வாழ்ந்த ஊர். அந்த எட்டுப் பேரில் ஒருவரான பீட்டர் கோவால்டின் ஊரும் இதுதான். கோவால்டின் பழைய இடத்தில் இன்றும் கச்சேரி நடக்கிறது. ப்ரோட்ஸ்மனைத் தெருவில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், பேசத் துணிவில்லை. 2023 ஜூனில் அவர் இறந்த பிறகு, அவர் கையால் விற்ற 300இல் ஒன்று என் அலமாரியில் இருக்க வேண்டும் என்ற பித்து பிடித்துக்கொண்டது. ஏமாற்றுக்காரனுக்கு இப்படிப் பித்துப் பிடித்தவன்தான் வேண்டும்.

விளம்பரம் வந்தது தனியார் பொருட்களை விற்கும் ஓர் இணையதளத்தில். கேட்ட விலை 900. படங்கள் மூன்று: அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், லேபிள். முன்பக்கம் வலது கீழ்மூலையில் பிறைபோல ஒரு காப்பிக் கறை. கோப்பையை வைத்து எடுத்த வட்டத்தில் பாதி. அந்தக் கறைதான் என்னை வீழ்த்தியது. போலி விற்கிறவன் கறையோடா விற்பான் என்று நினைத்தேன்.

விற்றவரின் கதை அதைவிட அழகாக இருந்தது. தந்தை காலமாகிவிட்டாராம், வீட்டைக் காலி செய்கிறாராம். ‘என் தந்தை அன்று லீலா ஓய்லேயில் இருந்தார். ஒலிப்பதிவு முடிந்ததும் ப்ரோட்ஸ்மனிடமே இதை வாங்கிக்கொண்டு நள்ளிரவு ரயிலில் ஊர் திரும்பினார். அதை எங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பார்.’ படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. அந்த மூன்று வரியை மறுபடி படித்துப் பாருங்கள். ஒலிப்பதிவு செய்த அன்றிரவே அதன் இசைத்தட்டை எப்படி வாங்க முடியும்? நாடாவில் பதிந்து, வெட்டி, அச்சுக்குப் போய் வருவதற்கு வாரங்கள் ஆகும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் உறைத்தது பணம் போய் மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் பல் துலக்கும்போது.

ஒன்று மட்டும் சரியாகக் கேட்டேன். இசை முடிந்த பிறகு லேபிள் வரை வழுவழுப்பாக ஒரு வெற்று வளையம் இருக்கும். அதில் தட்டின் எண்ணைக் கீறியோ முத்திரை குத்தியோ வைத்திருப்பார்கள். அதன் படம் கேட்டேன். ‘என் கைபேசியில் அது தெளிவாக விழவில்லை. ப்ரோ 2 என்று இருக்கிறது, நானே படித்துப் பார்த்தேன்’ என்று பதில் வந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எந்தக் கைபேசியிலும் விழும். நேரில் வருகிறேன் என்றேன். வெளியூரில் இருக்கிறாராம், பக்கத்து வீட்டுக்காரர் அனுப்புவாராம். ஜப்பானிலிருந்து இன்னொருவர் கேட்கிறாராம், ஆனாலும் ‘ப்ரோட்ஸ்மனின் ஊர்க்காரருக்குக் கொடுப்பதையே என் தந்தை விரும்பியிருப்பார்’ என்று 680க்கு இறங்கினார். கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவியாம். உடனடிப் பரிமாற்றம் என்ற பொத்தானை அழுத்தினேன். அந்த முறையில் பத்து விநாடிக்குள் பணம் எதிர்க்கணக்கில் விழுந்துவிடும். ஐரோப்பிய வங்கிகள் பெருமையோடு சொல்லும் வசதி. பத்து விநாடியில் போவது பத்து விநாடியில் திரும்பி வராது என்பதை யாரும் பெருமையோடு சொல்வதில்லை.

பொட்டலம் ஆறாம் நாள் வந்தது. அதுவே ஆச்சரியம், வெறும் ஏமாற்று என்றால் ஒன்றும் வராது. ஏதோ ஒன்றை அனுப்பிவிட்டால், ‘பொருள் வந்துவிட்டதே, இனி உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்’ என்று இணையதளம் கைகழுவிவிடும். இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரித்தேன். அட்டையில் காப்பிக் கறை இல்லை.

ஒரு நொடி மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். படத்தைவிட நல்ல நிலையில் இருக்கிறதே என்று நினைத்த அந்த ஒரு நொடியில் மனித மூளை எவ்வளவு மட்டமான கருவி என்பது விளங்கியது. பிறகுதான் மூக்கு வேலை செய்தது. ஐம்பது ஆண்டுக் காகிதத்துக்கு ஒரு புழுங்கிய வாசனை உண்டு. பழைய நூலகத்தில் கீழ்த்தட்டுப் புத்தகத்தை இழுத்தால் வருமே, அது. இதில் அச்சு மை வாசனை. பின்பக்க மூலையில் விரல் வைத்தால் ஒட்டியது. பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். 1968இல் எந்த இசைத்தட்டுக்கும் பட்டைக்குறி கிடையாது.

சமையல் தராசில் வைத்தேன். 182 கிராம். அந்தக் காலத்துத் தட்டுகள் பெரும்பாலும் 120 முதல் 150 கிராம்தான். 180 கிராம் என்பது இக்கால மறுபதிப்புகள் விரும்பும் கனம். எடை மட்டும் முடிவான சான்று ஆகாது என்று எனக்கு நானே வாதாடினேன், தோற்கப்போகும் வழக்கறிஞரைப்போல. மறுநாள் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். முப்பது ஆண்டாகப் பழைய இசைத்தட்டு விற்கிற மனிதர். அவர் தட்டை உறையிலிருந்து எடுத்ததும் பள்ளங்களைப் பார்க்கவில்லை, நடுத்துளையைப் பார்த்தார். ‘300 பேரிடம் இருந்தது. ஐம்பது ஆண்டு. இருட்டில் தடவித் தடவி எத்தனை முறை கம்பியில் மாட்டியிருப்பார்கள்?’ என்றார். துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும், தட்டைச் சுழற்றும் கருவியின் நடுவிலுள்ள கம்பி உரசியதால். இதில் ஒரு கோடுகூட இல்லை. பிறகு விளக்குக்கடியில் சாய்த்தார். வெற்று வளையத்தில் இருந்த எண் இன்றைய மறுபதிப்பினுடையது. ‘நல்ல பதிப்புதான்’ என்றார் ஆறுதலாக. ‘போட்டுக் கேளுங்கள்.’

விற்றவருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுப்பதில்லை. இந்த வரியைப் பார்த்து ஜெர்மனியில் பலர் அடங்கிப் போய்விடுகிறார்கள். அடங்க வேண்டாம். குறையை வஞ்சகமாக மறைத்தவரோ, பொருளின் தன்மைக்கு உறுதி கொடுத்தவரோ அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது; உரிமையியல் சட்டத்தின் 444ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சட்டம் பாய்வதற்கு ஓர் ஆள் வேண்டும். இணையம் வழியாகக் காவல்துறையில் புகார் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. பேசிய அதிகாரி பண்பாகவே பேசினார். அந்தக் கணக்கு, வீட்டிலிருந்தே வேலை என்ற விளம்பரத்தை நம்பி அடையாள அட்டையைக் காட்டிய ஒரு பெண்ணின் பெயரில் அவருக்கே தெரியாமல் திறந்ததாம். ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது: குற்றவாளி கண்டறியப்படவில்லை, விசாரணை முடிக்கப்படுகிறது.

காப்பிக் கறைப் படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஓர் ஏலத்தின் படங்கள் அவை. 680 யூரோவை அனுப்புவதற்கு முன் இந்த இரண்டு நிமிடத்தை ஏன் செலவழிக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

இப்போதெல்லாம் படம் கேட்கும்போது, இன்றைய தேதி எழுதிய தாளைத் தட்டின் மேல் வைத்து எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை.

முழுப் போலியைவிட அடிக்கடி நடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நிலையை உயர்த்திச் சொல்வது. மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி என்று இறங்கும் தரவரிசையில் விஜிக்கு ‘மிக நன்று’ என்று பெயர். கேட்டால் கடுகு தாளிக்கிற சத்தம். லண்டனில் கிதார் கலைஞர் டெரெக் பெய்லி, எவான் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி முதலியோர் 1970இல் தொடங்கிய இன்கஸ் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு ஒன்றை விஜி பிளஸ் என்று நம்பி வாங்கினேன். பெய்லி ஒரு நரம்பைத் தொட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா இருப்பார். அந்த மூன்று விநாடிக்காகத்தான் அவரைக் கேட்கிறோம். அங்கே சடசடவென்று பொரிந்தது. தேய்ந்த ஊசி பள்ளத்தை அரித்திருந்தது. புகார் செய்தேன். விற்றவர் எழுதிய பதிலை நண்பர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறேன்: ‘ஐயா, இது ஃப்ரீ ஜாஸ். இந்த இசையே இப்படித்தான் இருக்கும்.’ அது பிரிட்டனிலிருந்து வந்தது. இறக்குமதி வரி 19 விழுக்காடும் கட்டியிருந்தேன். திருப்பி அனுப்பும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டேன்.

பிரேமன் தட்டுக்கு வருகிறேன். போன வாரம் அதே காப்பிக் கறை வேறொரு தளத்தில் தென்பட்டது. மூலையில் அதே பிறை. விலை 640. தந்தை இப்போது தாய்மாமன் ஆகியிருக்கிறார். ஒலிப்பதிவு முடிந்த அன்றிரவே இசைத்தட்டோடு நள்ளிரவு ரயில் ஏறியது மட்டும் மாறவில்லை.