விக்கிக்கு கிட் ஸ்கிரிப்ட்: க்ரொனா, ஹுக்கா?

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களை விக்கியாகத் தொகுக்கிற நண்பர்கள் கேட்டது இது: பக்கங்கள் கிட்டில் (Git, கோப்புகளில் நடக்கும் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள்) இருக்கின்றன, மாற்றங்கள் தானாகச் சேர்வருக்குப் போக க்ரொன் (cron, குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டளையைத் தானாக ஓட்டுவது) ஸ்கிரிப்ட் வைப்பதா, கொமிட் (மாற்றத்தைப் பெயரும் குறிப்பும் போட்டுப் பதிவது) முடிந்ததும் அதைப் புஷ் செய்யும், அதாவது சேர்வருக்கு அனுப்பும், ஹுக் (hook, கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) வைப்பதா?

அமைப்பது
க்ரொன்: ஒரு சின்ன ஸ்கிரிப்ட், க்ரொன்டாபில் (க்ரொனின் வேலைப் பட்டியல்) ஒரு வரி.
ஹுக்: ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போட வேண்டும், குளோன் செய்தாலும் (சேர்வரிலிருந்து முழுப் பிரதி எடுத்தாலும்) ஹுக் அதோடு வராது.

வரலாறு
க்ரொன்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிடைத்ததையெல்லாம் ஒரே கொமிட்டாக அள்ளிப் போடும். பொதுக் கணினி என்றால் யார் எந்த வரியை ஏன் மாற்றினார் என்பதே தெரியாது. பாட்டு வரி ஊருக்கு ஊர் மாறுகிற இடத்தில் இது பெரிய இழப்பு.
ஹுக்: கொமிட்டை எழுதுபவரே செய்வதால் பெயரும் காரணமும் நிற்கும்.

கரண்ட், நெற் போனால்
க்ரொன்: அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளும்.
ஹுக்: புஷ் தோற்றால் அடுத்த கொமிட் வரை அப்படியே கிடக்கும்.

மோதல்
ஒரே இடத்தை இருவர் வேறுவேறாக மாற்றினால் வருவது இது, இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். ஸ்கிரிப்ட் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும், ஃபோர்ஸ் புஷ் (சேர்வரில் இருப்பதை அழித்து மேலே எழுதும் புஷ்) எழுதவே எழுதாதீர்கள். கல்லடியில் ஒருவரின் மூன்று நாள் வேலை அப்படித்தான் சேர்வரிலிருந்து மறைந்தது, நல்லகாலம் அவர் மடிக்கணினியில் பிரதி இருந்தது.

சரி, ஒரே ஆள் எழுதுகிறார், காப்புப் பிரதி போதும் என்றால் க்ரொன். நாலைந்து பேர் சேர்ந்து திருத்துகிறீர்கள் என்றால் கஷ்டமானாலும் ஹுக்தான், கூடவே சேர்வரில் இரவு ஒருமுறை காப்பெடுக்க மட்டும் க்ரொன் வையுங்கள்.