டெர்பியா, ஷாஃப்ட்ஸ்பரியா?

விக்டோரியா காலத்துப் பிரபுக்களில் ஒருவரைப் பற்றி மட்டும் படிக்க நேரமிருந்தால் யாரை எடுப்பது? 14ஆம் டெர்பி பிரபு மூன்று முறை பிரதமர், 22 ஆண்டுகள் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர், ஹோமரின் இலியட்டை மொழிபெயர்த்தவர். ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்காமல் போன பருத்திப் பஞ்சத்தில் வேலையிழந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களுக்கான நிவாரணக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பெரிய மனிதர்தான், சரி.

ஆனால் என் ஓட்டு 7ஆம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவுக்கே. பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர். சுரங்க இருட்டில் காற்றுக் கதவைத் திறந்து மூட நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள், இடுப்பில் சங்கிலி கட்டி நிலக்கரி வண்டி இழுத்த பெண்கள் என எல்லோரையும் வெளியே கொண்டுவந்தது இவர் போராடிப் பெற்ற 1842 சட்டம். அதில் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கும் தடை. புகைபோக்கிக்குள் ஏறித் துடைத்த சிறுவர்களுக்காகவும் பேசினார். சிறுவர்களை அப்படி ஏற்றத் தடை விதித்த 1840 சட்டத்தை யாரும் மதிக்கவில்லை, அவர் விடவுமில்லை. 1875இல்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது. அந்தப் பிடிவாதத்துக்காகவே இவரை முதலில் படியுங்கள்.