மழையில் ஊட்டி குரூப் டூர்: பைக்காராவா, தொட்டபெட்டாவா, குன்னூரா?

ஊட்டியில் டூர் வண்டிகள் பெரும்பாலும் மூன்று தடத்தில்தான் ஓடும். ஒன்று, கூடலூர் ரோட்டில் பைன் ஃபாரஸ்ட், ஷூட்டிங் மட்டம், பைக்காரா ஏரி; இரண்டாவது, ஊருக்குள் பூங்கா, போட் ஹவுஸ், அதோடு தொட்டபெட்டா சிகரம்; மூன்றாவது குன்னூர். மழை பிடித்துக்கொண்டால் எதை விடுவது என்று வானத்தைப் பார்க்க வேண்டாம், காலண்டரைப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மோதுவது நீலகிரியின் மேற்கு விளிம்பில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பைக்காராவும் மேற்கே இருப்பதுதான். காற்று வலுத்தால் படகை நிறுத்துவார்கள். மரம் விழும் என்று பைன் ஃபாரஸ்டை மூடிவிடுவார்கள். 20 கி.மீ. போய் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அதே வேளையில், தொட்டபெட்டா தொடருக்குக் கிழக்கே இருக்கும் குன்னூரில் பெரும்பாலும் தூறலோடு சரி, சில நாள் வெயிலே அடிக்கும். யோசிக்காமல் குன்னூர் போகலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வங்கக்கடல் காற்று கிழக்குச் சரிவில் ஏறி குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார், மரப்பாலம் பக்கம் மண் சரியும். வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது பைக்காராதான் பத்திரம்.

2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா இரண்டு பருவத்திலும் தோற்கும். மேகம் சிகரத்திலேயே உட்கார்ந்திருக்கும், டெலஸ்கோப்பில் வெள்ளைதான் தெரியும். நாற்பது பேர் இறங்கி, ரெயின்கோட் மாட்டி, ஏறி இறங்கி, தலை எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ரோட்டிலேயே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையோடு திரும்பிவிடுவது நல்லது. கூரைக்குக் கீழேயே பார்த்துவிடலாம். ஏப்ரல், மே மட்டும் விதிவிலக்கு. கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் காலையில் முதல் இடமாகவே சிகரத்தை முடித்துவிடலாம். பல டூர்களில் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பது ஏன் என்று புரிவதில்லை.

குன்னூரிலும் எல்லாம் சமமில்லை. பனிமூட்டம் இருந்தால் டால்பின் நோஸ் காட்சிமுனையிலிருந்து கேத்தரின் அருவி கண்ணுக்குத் தெரியாது, எதிரே திரும்பி வரும் டிரைவரிடம் "மேல கிளியரா இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மூட்டம் என்றால் சிம்ஸ் பூங்கா போதும். அதைவிட நல்லது மலை ரயில். மண்சரிவில் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் ரத்தானாலும், குன்னூர்–ஊட்டி ரயில் பெரும்பாலும் ஓடும். பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். காலி பஸ்ஸை முன்னாடியே அனுப்பி, இறங்கும் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லலாம். நாற்பது பேருக்கு அன்றைக்குக் கவுன்டரில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு வேண்டும்.

தடத்தை மாற்றுவதென்றால் முந்தின இரவே டூர் மேனேஜரிடம் பேசிவிடுங்கள். பஸ் கிளம்பிய பிறகு கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் வளைவுகளில் வாந்தி நிச்சயம். போட்டுப் பழக்கமுள்ளவர்கள் வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளட்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.