டயடோக்கைட் மாதிரி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டயடோக்கைட் ஒரு கனிமம், நீரேறிய இரும்பு பாஸ்பேட்-சல்பேட். சல்பேட் இருந்தாலும் பாஸ்பேட் வகுப்பில்தான் வைப்பார்கள். படிகமாக இருந்தால் பெயர் டெஸ்டினிசைட்: முச்சரிவுத் தொகுதி (மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்த படிக அமைப்பு), ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் இரும்பு 2, பாஸ்பேட், சல்பேட், ஹைட்ராக்சில் ஒவ்வொன்று, நீர் 6. உருவமற்ற, பிசின் போல மினுங்கும் பழுப்புக் கட்டிதான் டயடோக்கைட். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது தவறு. படிகமா உருவமற்றதா என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

பார்வைக்குப் பிட்டிசைட் என்ற கனிமமும் இதே போலத்தான், ஆனால் அதில் ஆர்செனிக் உண்டு. பாஸ்பேட்டைக் கண்டறியும் அமில மாலிப்டேட் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், சூடாக்கினால் ஆர்செனேட்டும் மஞ்சள் வீழ்படிவு தரும். சல்பேட்டுக்கு, துணுக்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து பேரியம் குளோரைடு விடுங்கள்; வெள்ளை வீழ்படிவு வரும். அமிலம் குறைந்தால் பேரியம் பாஸ்பேட்டும் படிந்து ஏமாற்றும்.

பைரைட் சிதைந்து பாஸ்பேட்டோடு சேரும் பழைய சுரங்கங்களில் இது உருவாகிறது. ஜெர்மனியின் சால்ஃபெல்ட் ஃபேயன்குரோட்டன் குகையில் தொங்கும் சொட்டுப்பாறைகளில் இதன் அழகு முழுதாகத் தெரியும்.

பெரிய குறை, வறண்ட காற்றில் நீர் இழந்து விரிசல் விடுவது. அடைத்த பெட்டியில் வையுங்கள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடவே போடாதீர்கள். தண்ணீரில் ஊறவைக்காமல் மென்தூரிகையால் துடைத்தால் போதும். ஏற்கெனவே வெடிப்பு ஓடிய கட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.